வயது எண்ணும் வளரிளம் வாசகரும்

12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் தேடும் பெற்றோருக்கு இரண்டு வகைக் குறியீடுகள் கைகொடுக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட் தன் நேரு பால புத்தகாலய வரிசை நூல்களுக்கு வயதுப் பிரிவு குறிக்கிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வயதைப் பார்ப்பதில்லை. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் வைத்து, மாணவரின் வாசிப்புத் திறனுக்கேற்ற நூலைத் தருகிறது.

இந்த இரண்டாவது முறையால் பெரும் நன்மை உண்டு. எட்டாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கையில் தடித்த நாவலைத் திணித்தால், அத்துடன் வாசிப்பே வெறுத்துப்போகும். ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய சிறு நூல் அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை தருகிறது. வயது எண்ணும் பயனற்றதன்று. அண்ணாமலை நகரிலிருந்து நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு மாலைப் பொழுதுதான் வாய்க்கிறது. பெற்றோர் தாமே அதிகம் படிக்காதவர்களாக இருந்தால், அட்டையில் உள்ள எண்தான் அவர்களுக்குப் பிடிமானம்.

ஆனால் மொழித்திறன், வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் பக்குவம், ஆர்வம் ஆகிய மூன்றும் இந்த வயதில் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனின் இரண்டு கதைகளை அருகருகே வைத்தால் இது விளங்கும். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ நீளமான கதை. கடவுள் சென்னைக்கு வந்து ஓட்டலில் காபி குடிப்பதை 13 வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே படித்துவிடும். கிண்டலின் அடியில் இருப்பது பின்னால் புரிந்தால் போதும். ‘பொன்னகரம்’ சில பக்கங்களே கொண்டது; நீளத்தை மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முந்திய படி கிடைக்கும். அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்க ஆலைத் தொழிலாளியான மனைவி தன் உடலை விற்கும் கதை அது. பெரியவர் ஒருவர் உடனிருந்து பேசாமல் அதைப் பிள்ளையிடம் தனியே விடுவது சரியன்று. ஆசிரியர் பெயரும் வயதைச் சொல்லாது, பக்க எண்ணிக்கையும் சொல்லாது.

‘பொன்னியின் செல்வன்’ இதற்கு நேர் எதிரானது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் பெரியவர்களும் படிக்க எழுதப்பட்ட தொடர்கதை, ஐந்து பாகம். தலைமுறை தலைமுறையாக அதைப் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறையில் விழுங்கி வந்திருக்கிறார்கள். எந்தப் படிநிலையும் அவர்களுக்கு அதைப் பரிந்துரைத்திருக்காது.

பிரிட்டனில் பதிப்பாளர்கள் 2008-இல் சிறுவர் நூல்களின் அட்டையில் வயது அச்சிட முனைந்தபோது பிலிப் புல்மன் உள்ளிட்ட எழுத்தாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளை தன் வயதுக்குக் குறைந்த எண் போட்ட புத்தகத்தைக் கையில் வைத்திருக்கவே கூசும் என்பது அவர்கள் முன்வைத்த வாதங்களில் ஒன்று. ‘நுழை’, ‘நட’ போன்ற பெயர்கள் அந்தக் கூச்சத்தைக் குறைக்கின்றன, முற்றிலும் நீக்குவதில்லை.

இன்னொரு தடை பெற்றோரின் தயக்கம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற சிறுவர் நாவல். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்குப் புரியும் விதத்தில் பேசுகிறது. பொருளைக் கேட்டதும் ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு’ என்று புத்தகத்தைத் திரும்ப வைக்கும் பெற்றோர் உண்டு. அதை அவசியம் படிக்க வேண்டிய வயதே அதுதான். வெறும் எண் இந்தத் தயக்கத்தைத் தீர்க்காது. புத்தகம் எதைப் பேசுகிறது, எப்படிப் பேசுகிறது என்று தெரிந்தால்தான் தீரும்.

அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய காமன் சென்ஸ் மீடியா வயதைச் சொல்வதோடு நிற்காமல் வன்முறை, பாலியல், வசைச்சொல் ஆகியவை எந்த அளவில் வருகின்றன என்றும் தனித்தனியே குறிக்கிறது. தமிழ்ப் பின்னட்டைகளோ பெரும்பாலும் ஆசிரியர் புகழ் பாடவே இடம் ஒதுக்குகின்றன. பதிப்பாளர்கள் அதில் இரண்டு வரியை எடுத்து, கதையில் மரணம், வன்முறை, பாலியல் எந்த அளவுக்கு வருகின்றன என்று அச்சிட வேண்டும். அதுவரை பெற்றோர் முதல் அத்தியாயத்தையாவது தாங்களே படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.