பெயர் எழுதிய நாற்காலிகள்

பழைய நாற்காலியைக் கண்டால் நான் முதலில் உட்காருவதில்லை, கவிழ்த்துப் போடுவேன். கும்பகோணம் பக்கம் பழைய மரச்சாமான் விற்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. ஒரு கடையில் என் தலை தெரிந்ததுமே, "சார் வந்துட்டாரு, ஒட்டடைக்கம்பு எடுடா" என்று பையனுக்குக் குரல் போகும். மேல்பக்கத்துக்கு யார் வேண்டுமானாலும் பாலிஷ் போட்டுவிடலாம். அடிப்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. ரம்பம் ஓடிய கோடு, மர ஆணியின் தலை, பிரம்பை முடிந்த முடிச்சு எல்லாம் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்பு பட்டறையில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும். கூடவே, பெரும்பாலும், வெள்ளைப் பெயிண்டில் ஒரு சுருக்கெழுத்தும் எண்ணும். ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கம், ஏதோ ஒரு பள்ளிக்கூடம், நாற்காலி எண் 14.

எனக்குப் பிடித்தது இந்தப் பதினான்காம் எண்தான். அரண்மனைச் சாமானும் வேண்டாம், செதுக்கு வேலைக் கதவும் வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அவற்றுக்கென்று வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. வாங்க வருகிறவர்களும் வேறு ஆட்கள். நான் தேடுவது 1940-க்கும் 1975-க்கும் நடுவில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் செய்த சாதாரணச் சாமான்: கால் சற்றே அகன்று நிற்கும் பிரம்பு நாற்காலி, மேலே மைக்கா ஒட்டிய டீபாய், கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை, ரேடியோ வைக்கவென்றே அளவெடுத்துச் செய்த ஸ்டாண்டு. இவை பழம்பொருள் என்று சொல்லும் அளவுக்குப் பழையவை இல்லை, புதிது என்று சொல்லும்படியும் இல்லை. அதனால்தான் கடைக்கு வெளியே மழையில் கிடக்கின்றன.

இதே வயதுள்ள நாற்காலிகள் சண்டிகரில் என்ன பாடுபட்டன என்பது உலகத்துக்கே தெரியும். 1951-இல் அந்த நகரத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்ற லெ கொர்புசியே வந்து வந்து போனார். அங்கேயே தங்கி வேலை பார்த்தவர் அவருடைய உறவினர் பியர் ஜானெரே. 1965 வரை இருந்தார். செயலகம், நூலகம், பல்கலைக்கழகம், குடியிருப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டியிருந்தது. தேக்கும் பிரம்புமாக, விரித்த காம்பஸ் மாதிரி கால் வைத்து, உள்ளூர்த் தச்சர்களே செய்யும்படி வரைந்தார்கள். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பிறகு பிரம்பு கிழிந்தது, கால் ஆடியது. மொட்டை மாடியில் குவித்தார்கள், கழிவுச் சாமானாக ஏலம் விட்டார்கள். 1990-களின் கடைசியில் பாரீஸ் வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்ப் பழுதுபார்த்து, ஒரு நாற்காலி லட்சக்கணக்கில் விற்ற பிறகுதான் இங்கே விழித்துக்கொண்டோம். 2011-இல் உள்துறை அமைச்சகம் இனி விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அமி சீகல் என்பவர் 2013-இல் எடுத்த ஒரு படம், பணக்காரர் வீடுகளில் இருக்கும் இந்த நாற்காலிகளிலிருந்து பின்னோக்கி நடந்து சண்டிகருக்கே வந்து சேர்கிறது.

எனக்கு அதில் சுவையான இடம் வேறு. ஏலக் கம்பெனிகள் அந்த நாற்காலிகளின் முதுகில் உள்ள ஆபீஸ் எழுத்துகளைத் தனியாகப் படம் எடுத்துப் போடுகின்றன. பக்கத்து செக்‌ஷன்காரன் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று யாரோ ஒரு குமாஸ்தா எழுதச் சொன்ன எண், இன்று அசல் என்பதற்குச் சாட்சி.

நம் பதினான்காம் எண்ணை ஜானெரே செய்ததோடு ஒரே தட்டில் வைக்கமாட்டேன். நம்முடையது கனம் அதிகம். முதுகுச் சாய்வு போதாது, குமாஸ்தா தூங்கிவிடக் கூடாது என்று கருதிச் செய்தது போல விறைப்பாக நிற்கும். ஆனால் கை வைக்கும் சட்டத்தில் நம் ஆசாரி ஜெயித்துவிட்டான். டபரா செட் சாயாமல் நிற்கும் அகலம். விரல் வந்து முடியும் இடத்தில் ஒரு மழுங்கல். காப்பி குடிக்கிற தேசத்து நாற்காலி அது.

காவிரி டெல்டாவில் மண் உண்டு, தண்ணீர் உண்டு, நெல் உண்டு. சாமான் செய்யும்படியான காடு கிடையாது. வாய்க்கால் கரையில் பூவரசும் வாகையும், கொல்லையில் மாவும் பலாவும். பத்தாயத்துக்கும் விசுப்பலகைக்கும் அது போதும். நல்ல நாற்காலி என்றால் பர்மா தேக்குதான். கப்பலில் வந்த மரம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை ரஜுலா கப்பல் போய்வந்துகொண்டிருந்தது. கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் கூடத்தில் சிலவேளை நம் ஊர்க் கணக்குக்கு அடங்காத ஒரு நாற்காலி நிற்குமானால், அது கடல் தாண்டிப் போனவர் யாரோ கண்ணில் சுமந்துவந்த வடிவம் என்று நான் எடுத்துக்கொள்வேன். தேக்கை அடையாளம் காண வித்தை ஒன்றும் வேண்டாம். மறைவான இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்தால் பழைய தோலைப் போல ஒரு வாசம், விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. தேக்கில் மணலின் சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். அதனால் அந்தக் காலத்து ஆசாரிகள் தேவையில்லாத வளைவுக்குப் போகமாட்டார்கள். இந்தச் சாமான்களில் நாம் எளிமை என்று ரசிப்பதில் பாதி, உளி தீட்டும் அலுப்பு.

சாய்வு நாற்காலியைச் சொல்லாமல் தஞ்சாவூர் மரச்சாமானைப் பேச முடியாது. நீளக் கை, அதன் அடியிலிருந்து திருப்பி நீட்டினால் காலுக்கு இன்னொரு கை. மிராசுதார் அறுவடைக் கணக்குக் கேட்டபடி படுத்திருக்க ஏற்ற சாமான். 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம். பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் உத்தியோகத்துக்குப் போனார்கள். அக்ரகாரத்து வீடுகள் கைமாறின. ஃபிளாட்டின் லிஃப்டில் நுழையாத முதல் சாமான் இந்த நாற்காலிதான். அதைக் கடையில் பார்க்கும்போது பலருக்குத் துக்கம் வருகிறது. எனக்கு அவ்வளவாக வருவதில்லை. அதில் படுத்துக் கிடந்தவருக்குக் களத்தில் நின்று கணக்குச் சொன்னவன் பேரன் இன்று அதை விலைக்கு வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பேரம் நன்றாகவே பேசினான்.

பிரம்புப் பின்னலுக்கு வருவோம். சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டு, நெட்டுவாக்கில் இரண்டு தடவை, குறுக்கே இரண்டு தடவை, பிறகு இரு மூலைவாட்டிலும் ஒவ்வொரு தடவை இழுத்தால் எட்டுமூலைக் கண்கள் விழும். கடைசியில் ஓரத்தை ஒரு பட்டைப் பிரம்பால் கட்ட வேண்டும். மொத்தம் ஏழு நடை. பிரம்பை நனைத்து இழுத்தால் காய்ந்ததும் தானே இறுகி, தட்டினால் கஞ்சிரா மாதிரி ஒரு ஒலி வரும். அந்த ஒலிக்காகவே நான் தட்டுவேன். நம் நாட்டு ஆபீசுகளிலும் ரயில்வேயிலும் இந்த வேலையைப் பார்வையற்றவர்கள் செய்தார்கள். பார்வையற்றோர் பள்ளிகளில் இதைத் தொழிலாகவே கற்பித்தார்கள். கண்ணுக்கு நேர்த்தியாகத் தெரியும் அந்த எட்டுமூலைக் கட்டங்களைப் போட்டவர் விரலால் எண்ணிப் போட்டவர் என்பதை அறிந்தபின், நான் பின்னலைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை, தடவியும் பார்க்கிறேன். எங்கே இழுப்புத் தளர்ந்திருக்கிறது என்று கைக்குத்தான் முதலில் தெரிகிறது. பிறகு பிளாஸ்டிக் ஒயர் வந்தது. பச்சையும் சிவப்புமாக அதற்கும் ஒரு அழகு உண்டு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வெயிலில் அரைமணி உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இனி முரட்டுச் சாமான். 'புரூட்டலிசம்' என்ற சொல்லைக் கேட்டு மிருகத்தனம் என்று எண்ணிவிடக் கூடாது. பூசாத, மெழுகாத கான்கிரீட்டைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது அது. சேகரிப்பவர்கள் அதை வெட்டி ஒட்டிய இரும்புக்கும் பித்தளைக்கும் நீட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் நியூ ஹோப் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த பால் எவன்ஸ், பற்றவைத்த தழும்பு தெரியத் தெரிய இரும்பு அலமாரிகள் செய்தார். அதே ஊரில் மரத்தைக் குழந்தையைப் போல் கையாண்ட ஜார்ஜ் நாகாஷிமாவும் இருந்தார். அந்த நாகாஷிமா தொழில் பழகிய இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்தில்: கொள்ளிடம் தாண்டி வடக்கே போனால் புதுச்சேரி. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, 1930-களின் பிற்பாதியில் அங்கே தங்கிக் கட்டட வேலையை மேற்பார்த்தவர் அவர். ஆசிரமத்தில் சுந்தரானந்தா என்று அவருக்குப் பெயர். பூசாத கான்கிரீட் சுவர், உள்ளே அவர் வடிவமைத்த தேக்குச் சாமான். முரடும் மென்மையும் ஒரே அறையில் உட்கார முடியும் என்பதை அங்கேதான் நான் நம்பினேன்.

டெல்டாவில் அந்த முரட்டுச் சாமானுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. பூங்காவிலும் பஸ் ஸ்டாண்டிலும் படித்துறையிலும் கிடக்கும் சிமெண்டுப் பெஞ்சுதான் அது. பழையதாக இருந்தால் அடியில் குனிந்து பாருங்கள். பலகை அடைத்து வார்த்ததால் பலகையின் ரேகை சிமெண்டில் பதிந்திருக்கும். சண்டிகரில் கொர்புசியே கான்கிரீட்டில் விட்டுவைத்ததும் இதே ரேகைதான். முதுகில் மட்டும் வழுவழுப்பாகப் பூசி, 'உபயம்' என்று ஆரம்பித்து ஒரு பெயர், ஊர், சில சமயம் அமரர் ஆனவரின் தேதி. ஒரு பூங்காவைப் புதுப்பித்தபோது உடைத்துப் போட்ட பெஞ்சு ஒன்றை வண்டி பிடித்து ஏற்றிவர நாலு பேர் போனோம். நாலு பேருமாகத் திரும்பி வந்துவிட்டோம். சேகரிக்க முடியாத சாமான் என்பது அதன் பெருமையில் சேரும்.

விளக்கிலும் இதே பெயர் ஆசைதான். கோயில் குழாய் விளக்கில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைக்கிறது என்ற கேலி எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கென்னவோ அந்தச் சிவப்பு எழுத்தின் நிழல் பிராகாரத்துச் சுவரில் விழுவது பிடிக்கும். மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, நீர்மின் நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கியபின் நெல்லுக்குத் தண்ணீர் விட்ட அதே ஆறு மின்சாரமும் கொடுத்தது. அதற்கு முன்பும் பின்பும் கல்யாண ஊர்வலத்துக்கு பெட்ரோமாக்ஸ்தான். பெர்லினில் பிறந்த அந்த விளக்கின் மாண்டிலுக்கு வேண்டிய தோரியம் நம் கடற்கரை மணலில் கிடந்தது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டுபிடித்தார். நம் மணல் கப்பலேறிப் போய் வலைப்பையாகத் திரும்பி வந்து நம் மாப்பிள்ளைகளின் முகத்தில் வெளிச்சம் அடித்தது. அந்த மாண்டில் எத்தனை மென்மையானது என்பதைத் தமிழ்நாடு முழுக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கை வாங்கினால் அதைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பீடம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் என்று ஒவ்வொன்றும் தனியாக வார்த்து மரை போட்டு இணைத்தது. வார்ப்புக்கு அச்சாவது காவிரி வண்டல். பீடத்தைக் கவிழ்த்தால் உள்பக்கம் கடையாமல், மண்ணின் சொரசொரப்போடு அப்படியே இருக்கும். கடைசல் பிடித்த வெளிப்பக்கத்தைவிட அந்த உட்பக்கத்தைத்தான் நான் அதிகநேரம் பார்க்கிறேன். வெளியே, பீடத்தின் விளிம்பில், சீர் கொடுத்தவர் பெயரோ பெண்ணின் பெயரோ வெட்டியிருக்கும். வார்த்தவர் பெயர் இருந்து நான் கண்டதில்லை.

இது என்னை வெகுநாள் அரித்தது. மேலைநாட்டில் சேகரிப்பவன் செய்தவன் கையெழுத்தைத் தேடுகிறான். இங்கே கொடுத்தவன் பெயர் இருக்கிறது, வைத்திருந்தவன் பெயர் இருக்கிறது, பந்தல் நாற்காலியின் முதுகில் வாடகைக்கு விட்டவன் பெயர்கூட இருக்கிறது, செய்தவன் எங்கே?

என் பதினான்காம் எண் நாற்காலி வாங்கிய நாளிலிருந்து ஆடிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்துக் கொடுத்திருந்தார். தரைதான் மேடு பள்ளம் என்று அவர் சொன்னதை நான்கு வருஷம் நம்பினேன், என் வீட்டுத் தரையைச் சந்தேகப்பட்டேன். போன ஆடியில் பிரம்பு மாற்றுவதற்காக வந்த ஆசாரி, மூங்கில் ஆணிகளைத் தட்டிக் கழற்றிச் சட்டங்களைத் தரையில் பரப்பினார். ஒரு சட்டத்தின் நுனியில், துளைக்குள் மறைந்திருந்த இடத்தில், உளியால் போட்ட மூன்று சிறு கீறல்கள். அது நுழைந்திருந்த காலில் நான்கு. எதிர்ப்பக்கம் நான்கு கீறல் சட்டம், மூன்று கீறல் கால்.

"முன்னாடி யாரோ பிரிச்சுட்டு மாத்திச் சொருகிட்டாங்க சார்" என்றார். செய்தவன் எதற்கு எது என்று போட்டுவைத்த கணக்கு அது. ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு நாக்கைத் தனியாகச் சீவியிருக்கிறான், நூலளவு வித்தியாசம். ஆசாரி மூன்றை மூன்றோடும் நான்கை நான்கோடும் சேர்த்துப் புது ஆணி அடித்தார். கூடத்தில் நிறுத்தி நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்தார். அட்டையை எடுத்துக் காது குடைந்துகொண்டே கிளம்பிப் போனார்.