குட்டி ஜப்பான், ஜப்பானிடம் கற்காத பாடம்

சிவகாசிக்காரனிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், 'குட்டி ஜப்பான்' வந்துவிடும். நேரு சொன்னார் என்பார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை அடுத்து வரும். பெங்களூர் ஆபீஸ் கேண்டீனில் நானும் இதைப் பலமுறை பெருமையாகச் சொன்னவன்தான். மைரன் வெய்னரின் புத்தகத்தைப் படித்த பிறகு அந்தப் பெருமை கொஞ்சம் தொண்டையில் சிக்குகிறது.

வெய்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அரசியல் துறைப் பேராசிரியராக இருந்தவர். இந்தியக் குழந்தைகளையும் அரசையும் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1991ல் வந்தது. அதிகாரிகள், முதலாளிகள், ஆசிரியர்கள் என்று பலரிடம் பேசியிருக்கிறார். சிவகாசிக்கும் அதில் இடம் உண்டு. அவர் வாதம் இதுதான்: பிள்ளைகள் வேலைக்குப் போவதற்கு வறுமை மட்டும் காரணமில்லை. இந்தியாவைவிட ஏழையாக இருந்த நாடுகளும் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பியிருக்கின்றன. 'இந்தப் பிள்ளை படித்து என்ன ஆகப்போகுது' என்று மேலே இருக்கிறவர்கள் நினைப்பதுதான் பெரிய தடை.

அவர் ஒப்பிடும் நாடுகளில் ஜப்பானும் ஒன்று. 1872லேயே அந்நாடு எல்லோருக்கும் தொடக்கக் கல்வி என்று ஆணை போட்டது. அப்போது அது பணக்கார நாடு கிடையாது. இதற்காக வெளிநாடுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்கா, ஐரோப்பா சென்ற இவாகுரா தூதுக்குழுவில் தனாகா புஜிமாரோ என்ற அதிகாரி பள்ளிகளை ஆராய்வதற்கென்றே போனார். தோக்கியோவில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு மரியன் ஸ்காட் என்ற அமெரிக்கரை அழைத்து, வகுப்பு நடத்தும் முறையைக் கற்றார்கள். எடுத்த எடுப்பில் எல்லாம் நடந்துவிடவில்லை. கட்டணத்தை எதிர்த்து ஜனங்கள் பள்ளிகளை எரித்த சம்பவங்களும் உண்டு. 1900ல் கட்டணத்தை எடுத்தார்கள். 1910க்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருந்தார்கள்.

நாம் ஜப்பானிடம் உழைப்பைப் பார்த்தோம், இயந்திரத்தைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தைப் பார்க்கத் தவறினோம்.

நான் திருத்தங்கல் பக்கம் ஒரு கிராமத்தில் படித்தவன். 1980களின் கடைசி. விடியக்காலை 4 மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கும். என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தூக்குவாளியோடு அதில் ஏறிப் போவார்கள். அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் கொஞ்ச நாள் இருக்கும், பிறகு இருக்காது. யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

வெய்னர் புத்தகத்தில் எனக்குக் குறையாகப் படுவது இங்கேதான் வருகிறது. ஆசிரியரை அவர் பெரும்பாலும் ஒரு மனப்பான்மையின் பிரதிநிதியாகவே பார்க்கிறார். தீர்வைக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் தேடுகிறார். சட்டம் வேண்டும்தான். ஆனால் எங்கள் ஊரில் சட்டத்துக்கு என்ன ஆனது? 1986 சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்கத் தடை போட்டது. கூடவே, குடும்பமாகச் சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. திண்ணைக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார். வாத்தியார் வரலாம்.

அந்த வாத்தியார் எதை நோக்கி வேலை செய்கிறார் என்பதுதான் கேள்வி. பிளஸ் டூ தேர்ச்சி சதவீதத்தில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம். ரிசல்ட் நாளில் எங்களுக்கு அது திருவிழா. நான் பிழைப்புக்கு எண்களைப் பார்க்கிறவன், அதனால் ஒரு சின்ன உறுத்தல். சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே தொகுதி, கீழே பகுதி. தேர்ச்சி சதவீதத்தில் பகுதி என்பது பரீட்சை எழுதியவர்கள். பஸ் ஏறிப் போனவர்கள் அதில் இல்லவே இல்லை. அவர்கள் போகப் போக சதவீதம் ஏறத்தான் செய்யும்.

வெய்னர் வேறு பகுதியை வைத்துக் கணக்குப் போடுகிறார்: ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பை எட்டினார்கள்? 1990ல் தாய்லாந்தின் ஜோம்தியனில் நடந்த 'எல்லோருக்கும் கல்வி' மாநாட்டுக்குப் பிறகு உலக அளவிலும் இந்த மாதிரிக் கேள்விதான் முன்னுக்கு வந்தது. உலகத்திடமிருந்து ஓர் ஆசிரியர் எடுத்துக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது நடக்கிற காரியமா? என் பெரியம்மா மகள் செய்திருக்கிறாள். 1988ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசி ஒன்று. 2000த்துக்குப் பிறகு, அமெரிக்கத் தொழிலாளர் துறையும் இந்திய அரசும் பணம் போட, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நடத்திய 'இண்டஸ்' திட்டமும் விருதுநகருக்கு வந்தது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் அக்கா பாடம் எடுத்தாள். பிள்ளையை வழக்கமான பள்ளியில் சேர்த்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்தபோது, ஒரு பயிற்சியில் யாரோ கேட்ட கேள்வி அவளுக்குள் தங்கிவிட்டது: "சேர்த்த பிள்ளை அடுத்த ஜூன் மாசம் எங்க இருக்கு?" அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. சேர்த்த பிள்ளைகளின் பெயர், எதிரே ஜூன் தோறும் ஒரு டிக். டிக் இல்லாத வீட்டுக்குச் சைக்கிளில் போய்விடுவாள்.

போன பொங்கலுக்கு அந்த நோட்டைக் காட்டச் சொன்னேன். டிக் விழுந்த பெயர்களை நான் எண்ணிக்கொண்டிருக்க, அவள் விரல் டிக் நின்றுபோன பெயர்களில்தான் போய் நின்றது. ஒரு பெயரைக் காட்டி, "இவ வீட்டுக்கு இன்னும் ஒரு தடவ போயிருக்கணும்டா தம்பி" என்றாள்.

வெய்னரின் புத்தகத்தைப் படியுங்கள். முப்பது வருஷத்துக்கு முந்தையது, சில இடங்களில் கசக்கும். ஆசிரியராக இருப்பவர்கள் படித்து முடித்ததும், தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிள்ளைகளின் பெயர்களை எழுதிப் பார்க்கலாம். பகுதி அங்கேதான் இருக்கிறது.