மீன்காரியின் பாவையும் வாவிக்கரைப் பேச்சும்

மறைந்துபோன மொழியொன்றுக்கு உருவம் கொடுக்க முற்படும் கலைஞன் எதனை வடிக்கின்றான் என்னும் வினா மொழியியலாளர்க்கும் கலை விமர்சகர்க்கும் ஒருங்கே உரியது. பிரித்தானியாவின் தென்மேற்குக் கோடியிலுள்ள கோர்ண்வால் பகுதியில், மௌசல் என்னும் கடற்றுறையில் மீன் விற்று வாழ்ந்த டொலி பென்ட்றீத் என்னும் முதியவள் 1777 டிசம்பரில் இறந்தாள். கோர்ணிய மொழியின் கடைசிப் பேச்சாளி என அவள் பெயர் பெற்றாள். ஜோன் ஓப்பி அவளை ஓவியமாகத் தீட்டினார். 1860இல் இளவரசர் லூயி லூசியன் பொனபார்ட் அவ்வூர்த் திருச்சபையின் குருவோடு சேர்ந்து அவளுக்கு நினைவுக்கல் நாட்டினார். பீங்கான் பாவையாகவும் அவள் வடிக்கப்பெற்றாள். தட்டில் வைத்து அழகு பார்க்கத்தக்க சிறு பொருளாக அம்மீன்காரி மாறிய கதையை நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது மட்டக்களப்பு வாவிக்கரையை மனங்கொண்டேயாம்.

பாவையில் கூடை உண்டு, முகச்சுருக்கம் உண்டு, உடையின் மடிப்பும் உண்டு. பேச்சு இல்லை. இஃது எந்தச் சிலைக்கும் பொதுவான குறையன்றோ எனலாம். ஆயின் ஓர் அரசனையோ படைத்தலைவனையோ சிலையாக்கும்போது அவன் புகழுக்குக் காரணமான கம்பீரத்தைக் கல்லிலும் காட்ட இயலும். டொலியின் புகழுக்குக் காரணம் அவள் நாவு ஒன்றே. அதனை நீக்கிவிட்டு எஞ்சியதை வடித்த பாவை எந்தத் துறைமுகத்து மீன்காரிக்கும் பொருந்தும்.

இதனினும் பெரிய பிழை 'கடைசி' என்னும் அடைமொழியில் உள்ளது. 1768இல் டெயின்ஸ் பாரிங்ரன் என்னும் ஆய்வாளர் அவளைத் தேடிச் சென்றார். கோர்ணியத்தில் உரையாட வல்லார் ஒருவரும் இலர் எனப் பந்தயம் கட்டியுள்ளதாக அவர் கூறவே, அவள் சினந்து இரண்டு மூன்று நிமிடம் அம்மொழியிலேயே பொரிந்து தள்ளினாள். எதிரே இருந்த குடிசைகளின் வாயிலில் நின்ற வேறு இரு பெண்கள் அதனைக் கேட்டுச் சிரித்தனர். அவள் ஏசியது அவர்களுக்கு விளங்கிற்று. தாம் அவளினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு இளையவர் ஆதலின் சரளமாகப் பேச வராது என்றனர். எம் நோக்கில் இச்சந்திப்பின் மிகப் பெறுமதியான சான்று அச்சிரிப்பேயாகும். ஏசலைக் கேட்டுச் சிரிக்கும் அளவுக்கு ஒரு மொழியை அறிந்தவரை அம்மொழிக்குப் புறத்தார் எனல் தகாது. 1776இல் வில்லியம் பொடினார் என்னும் மீனவர் கோர்ணியத்தில் ஒரு கடிதம் எழுதினார். சிறுவயதில் முதியோரோடு கடலுக்குச் சென்று மொழியைக் கற்றதாகவும், தம் ஊரில் அதனைப் பேசவல்ல முதியோர் நால்வர் ஐவர் உளர் எனவும் அதிற் குறித்தார். அவர் டொலிக்குப் பின்னரும், 1789 வரை, வாழ்ந்தவர். அவருக்குப் பாவை செய்வார் இல்லை. 'கடைசி' என்பது அவ்வூரார் கண்ட உண்மையன்று. தேடிச் சென்றவரின் தேடல் நின்ற இடம்.

இனி நம் வாவிக்கு வருவோம். மட்டக்களப்பின் அடையாளமாக நாம் கொண்டது மீன்மகள் உருவம். கல்லடிப் பாலத்தடியில் நிலவிரவில் எழும் ஓசையை எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். விபுலாநந்த அடிகளார் அதனை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டார். அடிகளாரின் கற்பனை இசையாராய்ச்சியிற் பிறந்தது. அதனை நாம் குறைகூறோம். ஆனால் சொல்லற்ற ஓசைக்கு உருவம் சமைத்து மகிழும் நாம், அதே கரையில் சொல்லோடு வாழும் ஒரு பேச்சைக் கேளாதிருக்கின்றோம்.

அது பறங்கியர் இல்லங்களில் வழங்கும் போர்த்துக்கேயம். 1628இல் போர்த்துக்கேயர் இங்குக் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பத்தாண்டு ஆட்சி போனது, மொழி போகவில்லை. தச்சரும் கொல்லரும் தையற்காரருமாக வாழ்ந்த குடும்பங்களில் அது தாய்மொழியாய் நின்றது. இயன் ஸ்மித் 1970களில் இதனை ஆராய்ந்தார். அவரது ஒலியியல் நூல் 1978இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. தமிழ் மாணாக்கர்க்கு வியப்பளிக்கும் செய்தி இப்பேச்சின் இலக்கணத்தில் உள்ளது. வினை வாக்கிய இறுதிக்கு வந்துவிட்டது. 'பரா' என்னும் போர்த்துக்கேய முன்னிடைச்சொல் குறுகிப் பெயருக்குப் பின்னே சென்று ஒட்டி, நம் 'கு' உருபின் தொழிலையும் 'ஐ' உருபின் தொழிலையும் ஏற்றுக்கொண்டது. சொல் ஐரோப்பாவினது, கட்டுக்கோப்பு நம்முடையது எனலாம். ஆகவே இது நம் பாடத்துக்குப் புறம்பான பொருளன்று.

சங்கடமான ஒன்றையும் இவ்விடத்துச் சொல்லியாதல் வேண்டும். மொழியுரிமை பற்றிப் பேசும்போது தமிழை நெருக்கப்படும் மொழியாகவே எண்ணிப் பழகியவர் நாம். வாவிக்கரையில் நெருக்கும் மொழி தமிழாகவும் இருந்திருக்கின்றது. சந்தையும் பள்ளிக்கூடமும் அயலும் தமிழாயிருக்கப் பறங்கிப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சைக் கைவிட்டதில் எவரது வன்மமும் இல்லை. நம் பங்கு மட்டும் உண்டு. வாகரைப் பக்கத்து வேடர்கள் இன்று தமிழ் பேசுவதை 'நம்மவராயினர்' எனப் பெருமையோடு கூறுவோர், அதனை இன்னொரு பக்கத்திலிருந்தும் நோக்குவது நன்று.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் டச்பார் கரையோரத்துப் பறங்கியர் குடியிருப்பு பேரழிவுக்குள்ளாயிற்று. வெளிநாட்டு ஆய்வாளர் சிலர் அண்மைக்காலத்தில் இப்பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆவணமாக்கி வருகின்றனர். பேசுவோர் இன்றும் உளர். வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதி இந்நாட்டு வழக்குகளுக்குப் பெரும்பணி செய்தார். அத்தகைய பணி அயல்வீட்டுப் பேச்சுக்கும் நம் பல்கலைக்கழகங்களிலிருந்து எழுதல் கூடும்.

அப்போதும் முதலில் தேடவேண்டியது மிகச் சரளமாகப் பேசும் மூதாட்டி ஒருத்தியை மட்டுமன்று. அவள் ஏசும்போது அடுத்த வீட்டு வாசலில் நின்று சிரிக்கின்றவர் எவரெவர் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.