சிற்றிலும் செங்கல்லும்

விளையாட்டுப் பொருளைப் பற்றி எழுதுவது பொறுப்புள்ள விமரிசகனின் வேலையல்ல என்று கருதுவோர் நம்மிடையே உளர். நாவலை ஆராயலாம், நாடகத்தை ஆராயலாம். குழந்தையின் கையிலிருக்கும் பொம்மையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கின்றனர். ஒரு தலைமுறை தன் கையால் செய்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கும் எந்தப் பொருளும் அந்தச் சமுதாயத்தின் எண்ணங்களைச் சுமந்தே செல்கிறது. பாடப்புத்தகத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி ஓயாது விவாதிக்கும் நாம், அப்புத்தகத்துக்கு முன்பே குழந்தையின் கைக்கு வந்துவிடும் பொருளைப் பற்றியும் விவாதித்தல் வேண்டும். இன்று உலகெங்கும் சிறுவரும் பெரியவரும் சேகரித்தும் கட்டியும் மகிழ்கின்ற லெகோ என்னும் விளையாட்டுச் செங்கல்லைத் திருகோணமலைத் துறைமுகக் கரையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

கட்டி விளையாடுதல் நமக்குப் புதிதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் ஒன்று சிற்றில். சிறுமியர் மணலிலே சிறு வீடு கட்டுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அங்கு வருகிறான். தாம் பாடுபட்டுக் கட்டியதைக் காலால் சிதைத்துவிட வேண்டாமென்று அச்சிறுமியர் அவனை இரந்து நிற்கின்றனர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் இதே மன்றாட்டு ஒரு பதிகமாக அமைந்திருக்கிறது. இப்பாடல்களின் பக்திச் சுவையையோ மழலை இனிமையையோ நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், சமுதாயக் கண்கொண்டு பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் இராது. கட்டுபவர் யார், உடைப்பவன் யார்? கட்டுபவர் பெயரில்லாச் சிறுமியர். உடைப்பவன் தெய்வம், அல்லது அரசன், அல்லது தலைவன். கட்டியவருக்கு இரக்கும் உரிமை மட்டுமே உண்டு. உடைப்பவனுக்கோ திரும்பக் கட்டித்தரும் கடமை கிடையாது. கவிதை உடைப்பவன் பக்கம் நின்று அதனைத் திருவிளையாடல் என்று கொண்டாடுகிறது.

இந்தக் கேள்வி திருகோணமலையில் வெறும் இலக்கியக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே துறைமுகத்தைக் காக்கும் கோட்டையை எழுப்பினர். அக்கோட்டை பின்னர் ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. ஒருவர் வழிபாட்டுக்கென்று அடுக்கிய கல் இன்னொருவரின் பீரங்கிக்கு மதிலாயிற்று. நம் காலத்திலே, 2006இல், குடாவுக்கு அப்பாலுள்ள சம்பூர் மக்கள் போரினால் வீடு வாசல் விட்டு ஓடினர். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அனல் மின் நிலையத்துக்கும் முதலீட்டாளருக்கும் உரியதெனத் திட்டங்கள் தீட்டப்பட்டன. 2015இலும் 2016இலும் மக்கள் திரும்பியபோது பலர் தம் வீட்டின் அத்திவாரத்தையே தேடவேண்டியிருந்தது. வேறொருவர் உடைக்க, தாம் மீண்டும் மீண்டும் கட்டுவதே விதியென்று வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு, கட்டுதலும் உடைத்தலும் தம் கைக்குள்ளேயே அடங்கும் விளையாட்டு அற்பமான விஷயமாகுமா?

இனி, அந்தச் செங்கல்லின் வரலாற்றைப் பார்ப்போம். அது பிறந்ததும் ஒரு நெருக்கடியிலேதான். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் வீடு கட்டுவார் அருகிப்போக, டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஓலே கீர்க் கிறிஸ்தியான்சென் என்ற தச்சர் 1932இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி அவர் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயரிட்டார். 1949இல் அந்நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் கல், ஹிலரி பிஷர் பேஜ் என்னும் ஆங்கிலேயர் முன்பே உருவாக்கியிருந்த கல்லைப் பின்பற்றியது. 1958 ஜனவரியில் கல்லின் உட்புறத்தில் குழாய்களை அமைக்கும் முறைக்குக் காப்புரிமை கோரப்பட்டது. மேலுள்ள குமிழ், அடுத்த கல்லின் சுவருக்கும் குழாய்க்கும் இடையிற் சென்று இறுகுகிறது. பசை வேண்டியதில்லை, ஆணி வேண்டியதில்லை. கட்டியது உறுதியாக நிற்கிறது. ஆயினும் குழந்தையின் விரல் வலுவே அதனைப் பிரிக்கப் போதும்.

இக்கல்லின் பெருமை முழுவதும் இந்த இடத்திலேயே இருக்கிறது. எட்டுக் குமிழ்களையுடைய ஒரே நிறக் கற்கள் ஆறினை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 வகையாக இணைக்கலாம் என்று கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர். சில எழுத்துகளைக் கொண்டு ஒரு மொழி முழுவதையும் எழுதுவதைப் போன்றது இது. சிற்றில் கட்டிய சிறுமிக்கு இல்லாத உரிமை இக்கல்லை எடுக்கும் சிறுமிக்கு இருக்கிறது. கட்டியவளே உடைக்கிறாள், உடைத்தவளே மீண்டும் கட்டுகிறாள். உடைத்தல் இங்கே அழிவன்று, அடுத்த ஆக்கத்தின் முதற்படி. மனித உழைப்பைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடத்தை ஐந்து வயதுக் குழந்தைக்கு எந்த நூல் சொல்லித்தர முடியும்?

இத்துணைச் சிறப்புடைய கல் சந்தைக்கு வரும்போது என்னவாகிறது? அது கல்லாக வருவதில்லை, பெட்டியாக வருகிறது. பெட்டியின் மேல் முடிந்த உருவத்தின் படம். உள்ளே எந்தக் கல்லை எங்கு வைக்கவேண்டும் என்று வரிசை தவறாது கூறும் கையேடு. 2021இல் வெளிவந்த டைட்டானிக் கப்பல் இதற்குத் தக்க உதாரணம். 9,090 துண்டுகள், ஏறத்தாழ 1.35 மீற்றர் நீளம். கப்பலை மூன்றாகப் பிரித்தால் முதல் வகுப்பின் பெரும் படிக்கட்டு தெரிகிறது. கொதிகலன் அறைகூடத் தெரிகிறது. வடிவமைத்தவரின் திறமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தக் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட ஓர் ஆள்கூட இல்லை. 2008இல் வந்த தாஜ் மகாலும் அத்தகையதே. 5,900க்கும் மேற்பட்ட துண்டுகளால் எழும் அந்த மாளிகையில் கல் சுமந்தவனுக்கு ஒரு துண்டும் ஒதுக்கப்படவில்லை. அளவு மிகச் சிறிது, மனித உருவம் வைக்க இயலாது என்று காரணம் கூறலாம். அந்த அளவைத் தேர்ந்தெடுத்தவரும் மனிதரே அல்லவா? உருவம் உச்சத்தை எட்ட, உள்ளடக்கத்திலிருந்து உழைப்பாளி வெளியேற்றப்படுவதை நம் இலக்கியத்திலும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

விலையையும் கவனிக்க வேண்டும். டைட்டானிக் பெட்டி வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 630 டொலர். அன்றைய மாற்று வீதத்தில் அது 1 இலட்சத்து 26 ஆயிரம் ரூபா அளவாகும். அதே 2021இல்தான் நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. ஒரு விளையாட்டுக் கப்பலுக்கு 126 நாள் உழைப்பு!

சேகரிப்பு என்னும் பழக்கம் இதனை இன்னொரு படி மேலே கொண்டுசெல்கிறது. மாஸ்கோவின் உயர் பொருளியல் கல்லூரி ஆய்வாளர் இருவர், 1987 முதல் 2015 வரையான 2,322 லெகோ பெட்டிகளின் மறுவிற்பனை விலைகளை ஆராய்ந்து, அவற்றின் மதிப்பு சராசரியாக ஆண்டுக்கு 11 வீதத்துக்குக் குறையாமல் உயர்ந்தது என்று கண்டனர். இந்த இலாபத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பெட்டி திறக்கப்படாதிருக்க வேண்டும்! சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ நாடகத்தை இங்கு நினைவுகூரலாம். வறுமையுற்ற சாருதத்தனின் மகன் அயல்வீட்டுச் சிறுவனின் பொன் வண்டியைக் கண்டபின், தனக்குக் கிடைத்த மண் வண்டியை வேண்டாமென்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் நிரப்புகிறாள். விளையாட்டுப் பொருளுக்குள்ளும் வர்க்கம் நுழைவதைக் காட்டிய பழைய இலக்கியச் சான்று அது. எனினும் அந்த அயல்வீட்டுச் சிறுவனாவது தன் பொன் வண்டியை உருட்டி விளையாடினான். இன்றைய பொன் வண்டியோ அலுமாரியிற் பூட்டப்பட்டு விலை ஏறுவதற்காகக் காத்திருக்கிறது. அங்கே கட்டுதலும் இல்லை, உடைத்தலும் இல்லை.

சேகரிப்போர் எல்லோரையும் இந்தக் கூட்டத்திற் சேர்ப்பது நியாயமாகாது. கையேட்டை ஒதுக்கிவைத்துத் தாமே புதிய உருவங்களைச் சமைத்து, அவற்றின் அமைப்பை மற்றவர்க்கு விளக்கி, மிகுந்த துண்டுகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வளர்ந்தோர் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுடைய நட்பில் ஒரு பொதுமைப் பண்பு இருப்பதை மறுக்க முடியாது. ஆயின் முதலாளித்துவம் இந்தப் பகிர்வையும் விட்டுவைக்கவில்லை. ஆர்வலர் ஒருவர் வகுத்த உருவத்துக்கு 10,000 பேர் ஆதரவு தந்தால் நிறுவனம் அதனைப் பரிசீலிக்கும். ஏற்றுக்கொண்டு விற்பனைக்கு விட்டால், வகுத்தவருக்குக் கிடைப்பது நிகர விற்பனையில் 1 வீதம். கற்பனையும் பொதுவில் பிறக்கிறது, ஆதரவும் பொதுவில் திரள்கிறது. ஆதாயம் மட்டும் ஓரிடத்தில் சேர்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2010 செப்ரெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், இக்கல்லின் வடிவம் அதன் தொழில்நுட்பப் பயனால் அமைந்ததாகையால் அதனை ஒரு நிறுவனத்தின் வணிகச் சின்னமாகப் பதிய இயலாதென்று தீர்ப்பளித்தது. காப்புரிமைக் காலம் முன்பே முடிந்துவிட்டது. எனவே, கல்லின் வடிவம் இன்று சட்டத்தின் முன்னும் எல்லோருக்கும் பொது.

நண்பர் சிலர் வேறொரு மறுப்பை எழுப்புவர். நமக்குப் பனங்காய் வண்டில் இல்லையா, சிரட்டை இல்லையா, பூவரசம் இலை இல்லையா, அந்நியப் பிளாஸ்டிக் எதற்கு என்பர். பிரெஞ்சு விமரிசகர் ரோலான் பார்த்தும் 1957இல் வெளியிட்ட நூலொன்றில், குழந்தையை ஆக்குபவனாக அல்லாது வெறும் உடைமையாளனாக மாற்றும் பொம்மைகளைச் சாடினார். பிளாஸ்டிக்கை வெறுத்து மரத்தைப் புகழ்ந்தார். ஆக்குபவன், உடைமையாளன் என்று அவர் கண்ட வேறுபாட்டை நாம் முழுமையாக ஏற்கிறோம். பனங்காய் வண்டிலின் மேன்மையையும் ஏற்கிறோம். ஆனால் பழைமை ஏக்கம் ஒரு வேலைத்திட்டமாகாது. பிளாஸ்டிக்கின் குற்றம் பற்றி நம் கடலுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து 1,600 தொன்னுக்கும் மேலான பிளாஸ்டிக் மணிகள் கடலிற் கொட்டி, நம் கரைகளிலும் ஒதுங்கின. லெகோ கல் ஒன்று கடலில் 100 முதல் 1,300 ஆண்டுகள்வரை அழியாதிருக்கக் கூடுமென்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் மதிப்பிட்டது. குழந்தைப் பருவம் பத்தாண்டு; கல்லின் ஆயுளோ நூற்றாண்டுகள். 1958இல் வார்த்த கல் இன்றைய கல்லோடும் பொருந்துகிறது. இத்தனை நீண்ட ஆயுளுள்ள பொருளை ஒரு குழந்தையின் தனியுடைமையாக்குவதே பெரும் விரயம். அது ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டிய பொருள்.

அவ்வாறு போகச் செய்வது கனவன்று. 1935இலேயே, பொருளாதார மந்தத்தின் நடுவில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நூலகப் புத்தகம்போல் விளையாட்டுப் பொருள்களை இரவல் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நமக்கு அண்மையில், கான்பூர் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற அரவிந்த் குப்தா 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹொஷங்காபாத் அறிவியற் கல்வி இயக்கத்திற் சேர்ந்து, நெருப்புக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ரியூப் துண்டுகளால் இணைத்துக் கோணங்களையும் கூடாரங்களையும் கட்டும் முறையை நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு அளித்தார். டென்மார்க்கின் கல்லில் நாம் போற்றும் பண்பு அந்தக் குச்சியிலும் இருக்கிறது. இணைக்கலாம், பிரிக்கலாம், மீண்டும் இணைக்கலாம். விலையோ சில சதங்கள்.

ஆசிரியத் தோழர்களிடமும் மாணவரிடமும் நாம் வேண்டுவது பெரியதொன்றன்று. கல்லோ குச்சியோ, வகுப்புக்கு ஒரு பொதுப் பெட்டி இருக்கட்டும். கையேடு வேண்டாம். துறைமுகத்தைச் சூழ வாழும் பிள்ளைகள் தாம் கண்டதைக் கட்டட்டும்: பாரந்தூக்கியை, சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களை, கோதுமை மா ஆலையை, சீமெந்து ஆலையை, கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தை. கட்டி முடிந்ததும் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கட்டும்: இதற்குள் வேலை செய்பவர் யார், அவரை எங்கே வைத்தாய்? டைட்டானிக்கின் கொதிகலன் அறையில் விடுபட்ட மனிதனைத் தன் தந்தையின் முகத்தோடு அக்குழந்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தும்.

பொம்மையால் சமுதாயம் மாறிவிடும் என்று நாம் மயங்கவில்லை. சம்பூரில் இழந்த வீட்டைப் பிளாஸ்டிக் கல் ஈடுசெய்யாது. ஆனால், உடைப்பது தலைவனின் திருவிளையாடல், இரப்பது கட்டியவரின் கடமை என்று இளமையிலேயே பழகிய மனம், வளர்ந்தபின் தன் வீட்டின்மேல் விழும் காலையும் விதியென்றே ஏற்றுக்கொள்ளும். தான் கட்டியதைத் தன் விருப்பத்தால் மட்டுமே பிரித்து, துண்டுகளை எண்ணி, அடுத்த பிள்ளைக்காகப் பொதுப் பெட்டியில் இட்டுப் பழகிய பிள்ளை அவ்வாறு ஏற்றுக்கொள்ளாது. அலுமாரியிற் பூட்டிய பெட்டிகளைத் திறக்கச் சொல்வதற்கு நமக்கு இந்த ஒரு காரணமே போதும்.