மூட்டைக் கணக்கு

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துச் செய்தி ஒன்று அடிக்கடி வரும். ஆந்திராவிலிருந்து காரில் வந்த கஞ்சா, இலங்கைக்குப் படகு ஏறுமுன் பிடிபட்டது. இத்தனை கிலோ, மதிப்பு இத்தனை லட்சம். பொட்டலங்களை அடுக்கி, பின்னால் போலீஸார் நிற்கும் போட்டோ. 2021 டிசம்பரில் தமிழக போலீஸ் தொடங்கிய 'கஞ்சா வேட்டை'யிலும் இதே கிலோ, இதே கைது எண்ணிக்கைதான்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு மூட்டைக் கணக்கு புதிதில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில்கூட ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுதா என்று பார்த்துத்தான் எடை போடுவார்கள். கஞ்சா கிலோவுக்கு அந்தச் சோதனை கிடையாது. கிலோ கூடினால் புழக்கம் கூடியதா, ரெய்டு கூடியதா?

எண்ணை எப்படிச் சந்தேகப்படுவது என்று தெரிந்துகொள்ள 1893-94-ன் 'இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன்' அறிக்கையைப் புரட்டலாம். ஏழு உறுப்பினர்கள், 1,193 சாட்சிகள். சென்னை மாகாணத்திலும் விசாரித்தார்கள். பல வால்யூம், நிறைய இடங்களில் தூக்கம் வரும். பைத்தியக்கார ஆஸ்பத்திரி அத்தியாயத்தில் வராது.

1892-ல் அங்கே சேர்ந்தவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகையறா என்று ரிஜிஸ்தர் சொன்னது. கமிஷன் ஒவ்வொரு கேஸாகத் தோண்டியது. ஆளைக் கொண்டுவந்த போலீஸ் ஒரு பாரம் நிரப்ப வேண்டும். காரணம் தெரியாவிட்டால், 'கஞ்சா குடிப்பானா? சரி, கஞ்சா!' அவ்வளவுதான். தோண்டி முடித்தபோது தேறியது 98.

அளவோடு உபயோகித்தால் பெரிய கெடுதல் இல்லை, தடை வேண்டாம், வரி போடுங்கள் என்று முடித்தார்கள். அந்த வரி கலால் வருமானம் என்பதை மறக்கக் கூடாது. இன்று சட்டபூர்வமாக்கச் சொல்பவர்கள் இதைத்தான் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அந்தக் காலச் சரக்கு வேறு, கனடாவில் 2018-லிருந்து கடையில் விற்கும் வீரியமான சரக்கு வேறு சார்!

அங்கே ஒண்டாரியோ மாநிலத்தில் 2025-ல் வந்த ஆய்வு: புதிய ஸ்கிஸோஃப்ரெனியா கேஸ்களில் கஞ்சாப் பழக்கத்தோடு தொடர்புள்ள பங்கு 3.7-லிருந்து 10.3 சதவீதமானது. ஆனால் அந்த நோயின் மொத்த விகிதம் ஏறவில்லை. அப்படியென்றால் கஞ்சா காரணமா, டாக்டர்கள் இப்போது கேட்டு எழுதிக்கொள்கிறார்களா? அதே பாரம் நிரப்பும் தகராறு. கஞ்சா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் கனடாவில் அதிகமானதற்கு இந்தச் சமாதானம் செல்லாது.

நம் 1985 சட்டத்தில் பூவும் மொட்டும் கஞ்சா. தனி இலை கஞ்சா இல்லை, பாங்கு. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் நடத்திய சர்வேப்படி இரண்டையும் சேர்த்து உபயோகிப்பவர்கள் 3.1 கோடி, சிகிச்சையோ உதவியோ தேவைப்படுபவர்கள் 72 லட்சம். இதில் திருவாரூர் பங்கு என்ன, கும்பகோணம் பங்கு என்ன? அடுத்த தடவை பொட்டலங்களோடு போட்டோ போடும்போது, அந்த மாசம் தஞ்சை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு இந்தப் பழக்கத்தை விட வந்தவர்கள் எத்தனை பேர் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் தேவலை. கிலோவில் வேண்டாம்.