பின்பக்கத்துப் பெயர்கள்: வகுப்புக் குறிப்புகளை ரசிப்பது எப்படி?

“யாரோ எவரோ. அவர்களுக்குக் குழந்தை பிறந்தால் உனக்கென்ன?”

என் தங்கை கேட்டாள். என் அச்சகத்துக்கு விசிட்டிங் கார்டு அடிக்க வந்த தமிழாசிரியர் கேட்டார். நான் பக்கத்தை விரித்துக் காட்டுகிற எல்லாரும் கேட்கிறார்கள். ராத்திரி ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியில் யாரோ எவரோவின் மாமியாருக்காக மூக்கைச் சிந்துகிறவர்கள் இவர்கள். அந்த மாமியாராவது கற்பனை. நான் காட்டுகிற ஆட்கள் நிஜம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் தங்களிடம் படித்துப்போனவர்களுக்கு ஒரு பத்திரிகை அனுப்பும். முன்பக்கத்தில் கல்லூரித் தலைவர் சிரிப்பார். நடுப்பக்கத்தில் புதுக் கட்டடம். அதையெல்லாம் தாண்டினால் கடைசியில் பொடி எழுத்தில் சில பக்கங்கள் இருக்கும்: கிளாஸ் நோட்ஸ். வகுப்புக் குறிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் வாங்கிய ஆண்டுவாரியாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றிரண்டு வரி. வேலை, கல்யாணம், குழந்தை, வீடு மாறியது, கணவர் போனது. அதற்கடுத்து இறந்தவர் பட்டியல். அவ்வளவுதான் மொத்தமும்.

எனக்கு இது கிடைத்தது பழைய பேப்பர் கட்டில். எங்கள் ஊர் மடத்துச் சிஸ்டர்கள் எடைக்குப் போட்ட வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு நடுவே இருந்தது. தாள் நன்றாக இருக்கிறதே என்று எடுத்தேன். அன்று மத்தியானம் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை.

எந்தக் கல்லூரியிலிருந்து தொடங்குவது? பெரிய இடங்கள் வேண்டாம். ஹார்வர்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ‘சிவப்புப் புத்தகம்’ என்று ஒன்று வரும்; ஒவ்வொரு வகுப்பும் தன் கதையைத் தானே எழுதும். அதைப் பற்றி எழுதி மாய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது கல்யாண மண்டபத்தில் முன்வரிசை பார்ப்பது மாதிரி. பட்டுப்புடவைதான் தெரியும், முகம் தெரியாது. சின்னக் கல்லூரிக்குப் போங்கள். சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி என்றால் இன்னும் விசேஷம்.

நான் சிபாரிசு செய்வது கலிபோர்னியாவில் சாண்டா பௌலா ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் தாமஸ் அக்வினாஸ் கல்லூரி. 1971இல் தொடங்கியது. மாணவர்கள் சில நூறு பேர்தான். அங்கே பாடநூல் இல்லை, விரிவுரை இல்லை, விருப்பப்பாடம் என்ற பேச்சும் இல்லை. எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே மூலநூல்களைப் படித்து விவாதிக்க வேண்டும். முதலாமாண்டில் யூக்ளிட்டின் தேற்றங்களை எழுந்து போய்ப் பலகையில் நிறுவிக் காட்ட வேண்டும். பிறகு அரிஸ்டாட்டில், அக்வினாஸ், நியூட்டன். கடைசியில் எல்லாருக்கும் ஒரே பட்டம். கற்பிப்பவருக்குப் பேராசிரியர் என்ற பெயர்கூடக் கிடையாது, டியூட்டர்தான்.

இதனால் குறிப்புகளுக்கு என்ன வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவர், தச்சர், வக்கீல், கன்னியர், ஏழு பிள்ளை பெற்ற தாய், இவர்கள் எல்லாரும் படித்தது ஒரே படிப்பு. “என்ன படித்தாய், அதற்கேற்ற வேலை கிடைத்ததா?” என்று நம் வீட்டுக் கல்யாணங்களில் வழிமறிக்கும் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் வேலையே இல்லை. வாழ்க்கை மட்டும்தான் மீதி.

இனி முறை. ஐந்து விதிகள் சொல்கிறேன்.

ஒன்று: ஆண்டு வரிசையைக் குலைக்காதீர்கள். பெரும்பாலும் மூத்த வகுப்பு மேலே, இளைய வகுப்பு கீழே. கீழே கல்யாணப் படங்கள், அதற்கு மேலே குழந்தைகள், அதற்கும் மேலே பிள்ளைகளின் கல்யாணம், உச்சியில் முழங்கால் அறுவை சிகிச்சை. ஒவ்வோர் ஆண்டும் அடியில் ஒரு புது வகுப்பு நுழைய, எல்லாரும் ஒரு படி மேலே தள்ளப்படுகிறார்கள்.

இரண்டு: அடைப்புக்குறிகளைப் பாருங்கள். கல்யாணமான பெண்ணின் பெயருக்கு நடுவே அடைப்புக்குள் இருப்பது பிறந்த வீட்டுப் பெயர். துறவறத்தில் புதுப்பெயர் எடுத்த சிஸ்டருக்கும் அடைப்புக்குள் பழைய பெயர் வரும். ஒரே அடைப்புக்குறிதான். ஒருத்தி ஒரு வீட்டுக்குப் போனதையும் ஒருத்தி எல்லா வீட்டையும் விட்டதையும் அதுதான் சொல்கிறது. வகுப்புத்தோழிகள் தேடுவது அடைப்புக்குள் இருக்கிற பெண்ணைத்தான்.

மூன்று: இதுதான் முக்கியம். முதல் இரண்டையும் மறந்தாலும் பரவாயில்லை.

குறிப்புகளில் இரண்டு சாதி உண்டு. முற்றுக் குறிப்பு, எச்சக் குறிப்பு. பள்ளிக்கூடத்து இலக்கணம்தான். ‘வந்தான்’ முற்று, அதோடு வாக்கியம் முடிந்தது. ‘வந்து’ எச்சம், இன்னொன்று வந்தால்தான் பொருள் நிறையும். எச்சம் என்றதும் காக்கையை நினைத்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். வள்ளுவர் ஒருவர் விட்டுச்செல்வதற்கும் இதே சொல்லைத்தான் எடுத்தார்.

“துணைத் தலைவராகப் பதவி உயர்வு பெற்றார்.” முற்று. படித்தோம், சரி, அடுத்த ஆள். “இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார்.” அதுவும் முற்று. வாழ்த்துகள். இதற்குமேல் இவரைப் பற்றி அடுத்த இதழில் தேட எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது இந்த மாதிரி ஒன்று. (மாதிரி என்பதால் ஆள் அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை.) “அம்மாவைப் பார்த்துக்கொண்டு சொந்த ஊரிலேயே இருக்கிறேன். கிழக்குப் பக்கத்து வேலியை இன்னும் முடிக்கவில்லை.” ஆகா! அந்த வேலி! மூன்று இதழ் தள்ளி அதே ஆள் எழுதுகிறார், வேலி முடிந்ததாம். அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கடையில் உட்கார்ந்து இறந்தவர் பட்டியலைப் புரட்டினேன். அது படித்தவர்களுக்கான பட்டியல், அம்மா எப்படி இருப்பாள்? இந்தத் தவிப்பை எந்த நாவல் எனக்குக் கொடுத்தது?

எச்சத்திலும் பெயரெச்சம், வினையெச்சம் என்று இரண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வினையெச்சக் குறிப்பு அடுத்த செயலைத் தேடும்: மரவேலை கற்றுக்கொண்டு, மூன்றாவது முறை தேர்வெழுதி, வீட்டை விற்கப் போட்டு. பெயரெச்சக் குறிப்பு ஆளைத் தேடும்: “அந்த வருஷம் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது.” அறை ஏன் காலியானது என்று அவர் சொல்லவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

போலி எச்சமும் உண்டு, ஏமாறாதீர்கள். “ஐந்து குழந்தைகளோடும் ஒரு நாயோடும் மூச்சுவிட நேரமில்லாமல் அல்லாடிக்கொண்டு, நடுவே எப்படியோ ஒரு புத்தகமும் எழுதி…” இது எச்சவேடம் போட்ட முற்று. நாயை அழைத்து வந்ததே புத்தகத்துக்குத் துணையாக.

கத்தோலிக்கக் கல்லூரி என்றால் விசேஷம் என்றேனே, காரணம் இங்கேதான் இருக்கிறது. ஓர் இதழில் ஒரு பெண் துறவறப் பயிற்சிக்கு நவகன்னியர் இல்லத்தில் சேர்ந்தாள் என்று வரும். பிறகு முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் சில வருஷம். அத்தனை வருஷமும் அந்தப் பெயர் எச்சமாகவே நிற்கும். ஒருநாள் நித்திய வார்த்தைப்பாட்டுப் படம் வரலாம். அல்லது நான்கைந்து இதழ் பேச்சே இல்லாமல் இருந்து, பிறகு அதே பெயரில் ஒரு கல்யாணக் குறிப்பு வரலாம். நடுவில் நடந்ததற்கு ஒரு வார்த்தை விளக்கம் இருக்காது. யாரும் கேட்பதும் இல்லை, எல்லாருமாக வாழ்த்துகிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு மௌனத்தை ஒரு தெருவாவது காத்துப் பார்த்திருக்கிறதா?

இதையெல்லாம் “நன்கொடை வசூலிக்கும் தந்திரம்” என்று ஒரே வரியில் தள்ளுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். தந்திரம்தான். பத்திரிகையோடு காசோலைக்கான உறையும் சேர்ந்தே வரும். கோயில் உண்டியலைக் காட்டி யாராவது நாதஸ்வரத்தைக் கேட்காமல் எழுந்து போகிறார்களா? இன்னொரு கூட்டம் லிங்க்ட்இன்னில் “பணிவோடு அறிவிக்கிறேன்” என்று முரசு கொட்டுகிறது. முற்றுகளின் சந்தை அது. வாட்ஸப்பில் பேட்ச் குரூப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலை வணக்கம், ஒரு ரோஜா, பிறகு அரசியல் சண்டை. இருபது வருஷம் கழித்துச் சந்தித்தவர்களிடம் கேட்க ஒரு கேள்விகூட இல்லை. இலக்கிய விமரிசகர்களோ தன்வரலாறு என்றால் அடிபட்டது, அழுதது, மீண்டது என்று முந்நூறு பக்கம் கேட்கிறார்கள். இருபது சொல்லில் எழுதிவிட்டு மீதியை மறைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

நம்மிடம் மட்டும் கல்லூரிகளுக்குப் பஞ்சமா? திருச்சி புனித வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்தது. சின்னக் கல்லூரி இல்லைதான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் வாயில் வருவது என்ன? “கலாம் படித்த கல்லூரி.” 1954இல் அவர் அங்கே இயற்பியல் முடித்தார். நல்லது. கலாமுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் என்ன ஆனார்? அதைச் சொல்லும் பொடியெழுத்துப் பக்கம் எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு முற்று கிடைத்தால் போதும், மிச்சமுள்ள எச்சங்களையெல்லாம் அதன் நிழலில் உட்காரவைத்துவிடுவோம்.

நான்காவது விதி: ஊர்ப்பெயர்களை வாசியுங்கள். 2017 டிசம்பர் 4ஆம் தேதி இரவு சாண்டா பௌலாவுக்கு வடக்கே தீப்பிடித்தது. கல்லூரிக்குப் பக்கத்தில் தொடங்கியதால் அதற்கு ‘தாமஸ் தீ’ என்றே பெயர் வைத்தார்கள். 2,80,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. கலிபோர்னியா அதுவரை பதிவு செய்த காட்டுத்தீக்களில் அதுதான் பெரியது. வளாகத்தைக் காலி செய்தார்கள், கல்லூரி தப்பியது. இதைத் தெரிந்துகொண்டு பழைய இதழ் ஒன்றை எடுங்கள். “வென்ச்சுராவில் மலைப்பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம்” என்ற மாதிரி ஒரு வரி கண்ணில் பட்டால் வயிற்றைப் பிசையும். எழுதியவருக்கு அது முற்று. தீயைத் தெரிந்து படிக்கிற நமக்கு எச்சம்.

பார்த்தீர்களா, மறுபடியும் மூன்றாவது விதிக்கே வந்துவிட்டேன். ஐந்தாவது விதி என்னவென்று எனக்கே மறந்துவிட்டது. போகட்டும். அதற்குப் பதிலாக இன்னொன்று சொல்கிறேன், கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

மூடிப்போன கல்லூரிகளின் குறிப்புகள் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். இந்தியானாவில் ரென்சலேர் என்ற சிற்றூரில் புனித ஜோசப் கல்லூரி இருந்தது. 1889இல் நிறுவியது. சிகாகோ பேர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி 1944 முதல் 1974 வரை கோடைப் பயிற்சிக்கு அங்கேதான் வந்தது. 2017 மே மாதத்தோடு, கடன் தாங்காமல், வகுப்புகளை நிறுத்திவிட்டார்கள். டெட்ராய்ட் மேரிக்ரோவ் 2019இல் போனது. ஓக்லாந்தில் 1868இல் கன்னியர்கள் தொடங்கிய ஹோலி நேம்ஸ் 2023இல். பென்சில்வேனியாவின் கப்ரினி 2024இல்.

ஆண்டுதோறும் அடியில் ஒரு புது வகுப்பு நுழைந்து மற்றவர்களை மேலே தள்ளும் என்றேன் அல்லவா? இங்கே தள்ள யாரும் வர மாட்டார்கள். ரென்சலேரின் 2017ஆம் வகுப்புக்குத் தலை நரைக்கும், பேரப்பிள்ளை பிறக்கும்; பட்டியலில் மட்டும் அவர்கள் என்றைக்கும் கடைக்குட்டிகள். அவர்களில் கடைசியாக ஒருவர் எழுதப்போகும் அந்த இரண்டு வரியை நினைத்தால் எனக்குச் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை. தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நானும் கன்னியர்கள் நடத்திய ஒரு சின்னக் கல்லூரியில்தான் படித்தேன். பெயர் வேண்டாம். பொன்விழா மலருக்காகப் படிவம் வந்தது: பெயர், ஆண்டு, தற்போதைய நிலை. கல்யாணப் பத்திரிகை, புதுநன்மைக் கார்டு, நினைவஞ்சலி நோட்டீஸ் என்று ஊரார் வாழ்க்கையை அச்சடித்தே பிழைக்கிறவள், என்னைப் பற்றி இரண்டு வரி எழுத ஒரு வாரம் எடுத்தேன். “அப்பாவின் அச்சகத்தை மூடிவிடலாமா என்று பத்து வருஷமாக யோசித்துக்கொண்டு, இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாஸ்டலில் ஜன்னலோரம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் இதைப் படித்தால், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை, வந்து போகவும்.”

வினையெச்சமும் பெயரெச்சமும் சேர்ந்த குறிப்பு. பெருமையாகத்தான் இருந்தது.

மலர் வந்தது. சிவகாசியில் அடித்திருந்தார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். என் பெயருக்கு நேரே ஒரே ஒரு சொல்: தொழிலதிபர்.

அவளும் அந்த மலரை வாங்கியிருப்பாள். தொழிலதிபரைத் தேடிக்கொண்டு ஒருநாள் வந்தும் இருக்கலாம். வந்திருந்தால், என் கடையைத் தாண்டித்தான் போயிருப்பாள்.