ரூபி ஆஃப் கொச்சின்: தாயகம் திரும்பியவரின் நினைவுகள்

ரூபி ஆஃப் கொச்சின் (1995) கொச்சியில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய யூதப் பெண்ணான ரூபி டேனியலின் நினைவுகளைக் கூறும் நூல். ரூபி டேனியலும் அமெரிக்க மானுடவியலாளர் பார்பரா சி. ஜான்சனும் இணைந்து ஆங்கிலத்தில் எழுதியது. மூதாதையரின் நாடு என்று நம்பிய மண்ணுக்குத் திரும்பும் ஒருவர் அங்கு உரிமையுடன் வாழ முடிகிறதா என்ற கேள்வியை இந்நூல் எழுப்புகிறது. தமிழகத்தின் ஜவ்வாது மலையில் வாழும் மக்களின் தோற்றக்கதையிலும் இதே கேள்வி உள்ளது. அக்கதையுடன் ஒப்பிட்டு இக்கட்டுரை நூலை மதிப்பிடுகிறது.

ஆசிரியர்

ரூபி டேனியல் 1912-ல் கொச்சியில் பிறந்தார். எர்ணாகுளத்தில் கல்வி பயின்று அரசு அலுவலகங்களில் எழுத்தராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். 1951-ல் இஸ்ரேலுக்குச் சென்று, வடக்கே கலிலேயா பகுதியிலுள்ள நெயோட் மோர்தெகாய் என்னும் கிப்புட்ஸில் குடியேறினார். கிப்புட்ஸ் என்பது உழைப்பையும் உடைமையையும் பொதுவாகக் கொண்ட கூட்டுப்பண்ணைக் குடியிருப்பு. இறுதிவரை அங்கேயே வாழ்ந்து 2002-ல் மறைந்தார்.

பின்னணி

கேரள யூதர்களின் வரலாற்றுக்குக் கிடைத்துள்ள பழைய உறுதியான சான்றுகளில் ஒன்று, பொ.யு. 1000-ஐ ஒட்டி சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அதில் ‘அஞ்சுவண்ணம்’ என்னும் வணிகக்குழுவும், பல்லக்கு, குடை போன்ற எழுபத்திரண்டு உரிமைகளும் குறிப்பிடப்படுகின்றன. யூதர்கள் இங்கே மன்னரின் ஆதரவுடன் வாழ்ந்தனர். ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட துன்பம் அவர்களுக்கு நேரவில்லை. ஆயினும் வழிபாட்டில் நாள்தோறும் ஜெருசலேமை நினைத்தனர்.

1948-ல் இஸ்ரேல் உருவானபோது கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் புறப்பட விரும்பினர். யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தால் இஸ்ரேலிய அதிகாரிகள் அவர்களின் வருகையைத் தாமதப்படுத்தினர். 1953 முதல் 1955 வரையான ஆண்டுகளில்தான் பெருமளவு குடியேற்றம் நிகழ்ந்தது. ஆகவே ‘உங்கள் நாடு’ என்று அழைத்த நாட்டின் வாசலிலேயே அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

உள்ளடக்கம்

நூலின் பெரும்பகுதி கொச்சி வாழ்க்கையைப் பற்றியது. மட்டாஞ்சேரியின் யூதத்தெரு, பாட்டி சொன்ன கதைகள், பண்டிகைகள், திருமணங்கள், அண்டைச் சமூகங்களுடனான உறவு ஆகியவை விரிவாக இடம்பெறுகின்றன. இஸ்ரேல் வாழ்க்கைக்கு ஒதுக்கப்பட்ட இடம் குறைவு.

நூலின் முக்கியமான பகுதி கொச்சி யூதர்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வைப் பற்றியது. ரூபி டேனியலின் குடும்பம் ‘மெஷுக்ராரிம்’ என்று அழைக்கப்பட்ட பிரிவைச் சார்ந்தது. ‘விடுவிக்கப்பட்டோர்’ என்று பொருள்படும் இச்சொல், முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள் என்னும் இழிவைச் சுமந்தது. 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் இப்பிரிவினர் வெளிக்கூடத்தில் தரையில் அமர வேண்டும். தோரா வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. இடுகாட்டிலும் வேறுபாடு இருந்தது. வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882-1967) காந்திய முறையில் ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து இதை எதிர்த்தார். ‘யூத காந்தி’ என்று பெயர்பெற்ற சேலம், கொச்சி யூதர்கள் இஸ்ரேலில் குடியேறுவதற்கும் பாடுபட்டார். தாம் மட்டும் கொச்சியிலேயே வாழ்ந்து மறைந்தார்.

தமிழ் வாசகருக்கு ஆலய நுழைவுப் போராட்டங்களை இப்பகுதி நினைவூட்டும். கொச்சியில் ரூபி டேனியலுக்கு வெளியாரால் பகை இல்லை. தம் சொந்த ஆலயத்தில்தான் முழு இடம் இல்லை. பிறந்த ஊர் இனியது, புதிய நாடு கடியது என்ற எளிய பிரிவினைக்கு இந்நூல் இடம் கொடுப்பதில்லை. அவர் கொச்சியை நேசித்து எழுதுகிறார். அதே கையால் அங்கு நடந்த அநீதியையும் பதிவு செய்கிறார்.

ஜவ்வாது மலைத் தோற்றக்கதை

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். இங்கு ‘மலையாளி’ என்பதற்கு மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள், கேரளத்துடன் தொடர்பில்லை. அவர்களின் தோற்றக்கதை ஒன்றை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் காணலாம்.

கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளரிடம் பெண் கேட்டனர். அவர்கள் இகழ்ந்து மறுக்கவே, ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் இறந்ததாகக் கருதி ஈமக்கடன் செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கரையேறினர். நாய்கள் பாதியில் திரும்பி ஊர் சேர்ந்தன. வேடர்களைக் கொன்றுவிட்டு அவர்கள் வீடு திரும்பியபோது ஈமக்கடன் முடிந்திருந்தது. மனைவியர் கைம்பெண்களாகியிருந்தனர். உயிரோடு வந்தவர்களைச் சாதி ஏற்கவில்லை. அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையில் ஏறி உழவு செய்து வாழ்ந்தனர்.

இக்கதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. மலைமக்கள் தம்மைச் சமவெளியின் உயர்குடியுடன் இணைத்துக்கொள்ளும் முயற்சியும் இதில் உண்டு. ஆனால் தாயகம் திரும்புதல் பற்றிய கூர்மையான அறிதல் ஒன்று இதில் உள்ளது. வீடு அதே இடத்தில் இருக்கிறது, மனிதர்களும் இருக்கிறார்கள். ஆனால் திரும்பி வருபவன் இன்னான் என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

ஒப்பீடு

இஸ்ரேலில் குடியேறுவதை எபிரேயத்தில் ‘அலியா’ என்பர். ‘மேலேறுதல்’ என்பது அதன் பொருள். அங்கு ஏறிச் சென்ற கேரள யூதர்களுக்கு ‘கொச்சினிம்’, அதாவது கொச்சிக்காரர்கள் என்று பெயர் அமைந்தது. கொச்சியில் அவர்கள் யூதர்கள். யூதர்களின் நாட்டில் கொச்சிக்காரர்கள். விட்டு வந்த ஊரே அவர்களின் பெயராயிற்று. ஜவ்வாது மலையில் ஏறியவர்களுக்கோ சென்று சேர்ந்த இடம் பெயராயிற்று. காஞ்சிபுரம் கதையில் மட்டும் எஞ்சியது.

இந்தப் பெயரிடல் தமிழகத்துக்கும் புதிதல்ல. 1964-ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. பாட்டன் பூட்டன் பிறந்த மாவட்டங்களுக்கு வந்தவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு குறிப்பிட்டது; ஊர் ‘சிலோன்காரர்’ என்றது. இலங்கையில் அவர்கள் ‘இந்தியத் தமிழர்’. இரு பக்கமும் மறுகரையின் பெயரால் அழைக்கப்பட்டவர்களுக்கு ரூபி டேனியலின் நிலை விளக்கமின்றியே புரியும்.

மூன்று நிகழ்வுகளுக்கும் வேறுபாடு உண்டு. ஏழு ஆண்கள் மறுக்கப்பட்டதும் வெளியேறினர். மலையகத் தமிழர் பலருக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பே இருக்கவில்லை. ரூபி டேனியல் விரும்பிச் சென்றவர். அங்கேயே அரை நூற்றாண்டு வாழ்ந்தவர். அவர் சேர்ந்த கிப்புட்ஸை 1946-ல் நிறுவியவர்கள் மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். அங்கு வாழ்க்கை சமயச் சடங்குகளை மையமாகக் கொண்டதல்ல. பாட்டியின் வழிபாட்டு ஒழுங்கில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, யூத நாட்டில் வாழும்போது யூத மரபின் நாள்முறை கொச்சியில் இருந்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்பது இதன் முரண். தன் மரபை எழுத்தில் மீட்கவேண்டிய தேவை அவருக்கு அங்கேதான் எழுந்தது.

பாடல்கள்

கொச்சி யூதப் பெண்கள் திருமணங்களிலும் விழாக்களிலும் மலையாளத்தில் பாடினர். பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்துத் தலைமுறைதோறும் பாதுகாத்தனர். ரூபி டேனியல் இப்பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பின்னர் ஸ்கரியா ஸக்கரியா, ஒஃபிரா கம்லியேல் ஆகியோரின் ‘கார்குழலி’ (2005) என்னும் மலையாள-எபிரேயத் தொகுப்பும் வந்தது.

பைபிள் கதைகளையும் ஜெருசலேம் ஏக்கத்தையும் மலையாளத்தில் பாடியவை இப்பாடல்கள். கொச்சியில் அவை தொலைவிலுள்ள நாட்டை அருகே கொண்டுவந்தன. இஸ்ரேலில் அதே பாடல்கள் கொச்சியை அருகே கொண்டுவந்தன. ரூபி டேனியல் தனக்கு ஓர் இடம் உண்டு என்று ஐயமின்றி உணர்வது இப்பாடல்களை விளக்கும்போதுதான்.

குறைகள்

இந்நூல் ஆங்கிலத்தில் அமைந்ததால் மலையாளப் பேச்சின் சுவையும் பாடல்களின் சந்தமும் குறைகின்றன. இருவர் எழுதிய நூல் ஆதலால் சில இடங்களில் நினைவு எங்கு முடிந்து ஆய்வு எங்கு தொடங்குகிறது என்பதை வாசகர் கவனித்துப் படிக்கவேண்டும். இஸ்ரேல் வாழ்க்கை சுருக்கமாக அமைந்தது பெரிய குறை. புதிய நாட்டில் அன்றாட உறவுகள் எப்படி அமைந்தன என்பதை மேலும் அறிய வாசகர் விரும்புவார்.

1948-ல் அதே நிலத்திலிருந்து ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தனர் என்பதையும் இந்நூலைப் படிப்பவர் உடன் நினைக்கவேண்டும். ஜவ்வாதுக் கதையிலும் வென்றவர்களே பேசுகின்றனர். கொல்லப்பட்ட வேடர்களின் கதை எவரிடமும் இல்லை. திரும்பி வந்தவர்களின் நினைவுநூல் எதற்கும் பொருந்தும் எல்லை இது.

இலக்கிய இடம்

கேரள யூதர்களின் புறப்பாட்டை சேது ‘ஆலியா’ என்னும் மலையாள நாவலில் புனைவாக எழுதியுள்ளார். ரூபி டேனியலின் நூல் அந்த அனுபவத்தின் நேரடிச் சாட்சியம். தம் சமூகத்துக்குள்ளேயே கீழ்நிலையில் வைக்கப்பட்ட பிரிவிலிருந்து, ஒரு பெண் எழுதியது என்பது இதன் தனிச்சிறப்பு. இரு நாடுகளிலும் தமக்கு முழுமையாகக் கிடைக்காத இடத்தை, குற்றம் சாட்டும் குரலின்றி, நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தபடி சொல்லி அவர் பெற்றுக்கொள்கிறார்.

மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மர உட்கூடு இன்று ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளது. கொச்சியிலிருந்து சென்ற மரவேலைக்கு அங்கு இடம் கிடைத்திருக்கிறது. அதைச் செய்து வழிபட்ட மக்கள் எப்படி வாழ்ந்தனர், அவர்களில் யார் தரையில் அமர்த்தப்பட்டனர் என்பதை அறிய ரூபி டேனியலின் நூலைத்தான் நாடவேண்டும்.